பட்டுப்புழுவுக்கு விதைக்குதிர் கிடையாது

நாட்டு நெல்லுக்கு விதை வங்கி இருக்கு, நாட்டுக் காய்கறிக்கு விதைத் திருவிழா இருக்கு. பட்டுப்புழுவில் நாட்டு இனம்னு ஒண்ணு இருக்கா? இருந்தா அதை நாமே வச்சுப் பெருக்கிக்க முடியாதா? இயற்கை வழியில் மல்பெரி போட்டிருக்கிற, போடலாம்னு நினைக்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஓசூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்துப் புழு வளர்க்கிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. நாட்டு இனம் உண்டு. ஆனால் நெல்லை வைத்துக்கொள்வது போல அதை வைத்துக்கொள்ள முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. நாம் வளர்க்கும் மல்பெரிப் பட்டுப்புழு காட்டுப் பூச்சி இல்லை. சீனாவில் ஏறக்குறைய 5000 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு காட்டு அந்துப்பூச்சியிலிருந்து மனிதன் பழக்கி எடுத்தது. அந்தக் காட்டுப் பூச்சி இன்றும் சீனா, கொரியா, ஜப்பான் பகுதிகளில் பறந்துகொண்டிருக்கிறது. நம்முடையதால் பறக்க முடியாது. தளையிலிருந்து கீழே விழுந்த புழு இலை தேடி நடக்காது, அங்கேயே கிடந்து சாகும். மாட்டை அவிழ்த்து விட்டால் எங்கேயாவது மேய்ந்து பிழைத்துக்கொள்ளும். பட்டுப்புழு ஒரு தலைமுறைகூடத் தாங்காது. அதனால் ஓர் இனத்தை வளர்ப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டால், அன்றைக்கே அந்த இனத்தின் கதை முடிந்தது. காட்டில் போய்த் தேடி எடுத்து வர வழியில்லை.

நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் இனங்கள் சில உண்டு. கர்நாடகத்தின் தூய மைசூர் இனம், வங்காளத்தின் நிஸ்தாரி, அசாமின் சாருபட், மோரியா. இதில் தூய மைசூர் நமக்குப் பக்கத்துச் சொந்தம். திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் அரசில் பரவிய பட்டு வளர்ப்பின் வாரிசு அது. கூடு சின்னது, பச்சை கலந்த மஞ்சள் நிறம், நுனி கூராக இருக்கும். ஒரு கூட்டில் ஏறக்குறைய 350 முதல் 400 மீட்டர் இழை வரும். இன்று நாம் வளர்க்கும் பைவோல்டின் வெண்கூட்டில் இழை 1000 மீட்டரைத் தாண்டும். புழுவாக இருக்கும் நாட்களும் தூய மைசூருக்குக் கூடுதல். நாலைந்து நாள் அதிகமாக இலை போடணும். கணக்குப் பார்த்தால் யாரும் அதைத் தனியாக வளர்க்க மாட்டார்கள்.

ஆனாலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம், மஞ்சக்கூடு.

மஞ்சக்கூடு சொல்லும் பாடம்

மஞ்சக்கூடு என்று நாம் சொல்வது தூய மைசூர்த் தாயையும் சிஎஸ்ஆர்2 என்ற வெண்கூட்டுத் தந்தையையும் சேர்த்து எடுத்த கலப்பு. தாயிடமிருந்து வெயிலைத் தாங்கும் வலுவும், தந்தையிடமிருந்து பட்டின் அளவும் வருகிறது. இதை வளர்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அப்பன் வெள்ளை, அம்மா மஞ்சள். பிள்ளைகள் எல்லாம் மஞ்சளாகவே வருது, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறமாக வருவதில்லை.

இதே மாதிரிக் கலப்பைத்தான் நூறு வருடத்துக்கு முன்னால் டோயாமா கமேடாரோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் செய்து பார்த்தார். 1902 முதல் சில ஆண்டுகள் அவர் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பட்டுத் துறை ஆலோசகராக இருந்தார். சயாமின் மஞ்சள் கூட்டு இனத்தையும் ஜப்பானின் வெள்ளைக் கூட்டு இனத்தையும் கலந்தார். முதல் தலைமுறை எல்லாம் மஞ்சள். அந்தப் பிள்ளைகளையே ஒன்றோடொன்று சேர்த்து அடுத்த தலைமுறை எடுத்தபோது, நாலில் மூன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட அதே கணக்கு விலங்கிலும் பொருந்துகிறது என்று உலகில் முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். 1906ல் அது அச்சில் வந்தது.

அந்த நிறம் எப்படி வருகிறது என்பதும் இப்போது தெரியும். மல்பெரி இலையிலேயே மஞ்சள் நிறமி இருக்கு, கேரட்டில் இருக்கிற வகைதான். அதைக் குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து பட்டுச் சுரப்பிக்கும் தூக்கிக்கொண்டு போக ஒரு புரதம் வேண்டும். 2007ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் புரதத்துக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளைக் கூட்டு இனங்கள் பலவற்றில் அந்த மரபணு பழுதாகிக் கிடக்கிறது. சுமைதூக்கும் ஆள் இல்லை, நிறம் குடலைத் தாண்டுவதில்லை, அவ்வளவுதான். ஒரு நல்ல பிரதி தாயிடமிருந்து வந்தாலும் போதும், ஆள் வந்துவிடுவான். அதனால்தான் மஞ்சக்கூடு முழுக்க மஞ்சள். (இந்த நிறம் பெரும்பாலும் இழையின் மேல் பசையில்தான் நிற்கிறது. பசை நீக்கும்போது போய்விடும். மஞ்சக்கூட்டுப் பட்டு மஞ்சளாகவே இருக்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)

டோயாமா இன்னொன்றையும் சொன்னார். கலப்பின் முதல் தலைமுறைப் புழுக்கள் பெற்றோர் இரண்டையும்விட வலுவாக, ஒரே சீராக வளர்கின்றன. உழவருக்கு அந்த முட்டையைக் கொடுங்கள் என்றார். 1910களில் ஜப்பான் அரசு அந்தக் கலப்பு முட்டைகளைத் தரத் தொடங்கியது. 1920களின் இறுதிக்குள் ஏறக்குறைய நாடு முழுக்க அதுவே ஆனது. நாம் இன்று வாங்கும் இரட்டைக் கலப்பின முட்டை வரைக்கும் அந்த வழியில் வந்ததுதான். நம்முடைய சிஎஸ்ஆர் இனங்கள்கூட ஜப்பானியக் கலப்பினங்களிலிருந்து மைசூரில் பிரித்தெடுத்தவை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம், இரண்டாம் தலைமுறை. கூட்டில் நிறம் பிரிந்தது போலவே எல்லாக் குணமும் பிரியும். நம் மனையில் அறுத்த கலப்பினக் கூட்டில் கொஞ்சம் எடுத்து வைத்து, அந்து வரவிட்டு, முட்டை எடுத்தால் என்ன ஆகும்? ஒரு புழு தோலுரிக்கத் தூங்கும், பக்கத்துப் புழு தின்றுகொண்டிருக்கும். இலை போட்டால் தூங்குகிறது மூடிப்போகும், போடாவிட்டால் மற்றது பட்டினி. கூடு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அங்காடியில் நூற்பவர் கையில் எடுத்துப் பார்த்ததுமே விலையை இறக்கிவிடுவார்.

நாமே முட்டை எடுத்தால்

சரி, கலப்பினம் வேண்டாம், தூய நாட்டு இனத்தையே வாங்கி வீட்டில் பெருக்கிக்கொள்கிறேன் என்பார்கள் சிலர். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அண்ணன் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்த பழக்கம் நமக்கு. அந்த மனசு இங்கேயும் அப்படித்தான் போகும். எனக்கும் அந்த ஆசை புரிகிறது. ஆனால் இந்த ஒரு உயிரில் அது ஆபத்து என்று அழுத்தமாகவே சொல்கிறேன்.

பெப்ரின் என்று ஒரு நோய். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. மற்ற நோய்கள் இலை வழியாக, மனை வழியாக வருகின்றன. சுண்ணாம்பு, பிளீச்சிங், சுத்தம் என்று தடுக்கலாம். பெப்ரின் தாயின் வயிற்றிலேயே முட்டைக்குள் போய்விடும். தாய் அந்து பார்க்க நன்றாக இருக்கும், முட்டையும் நன்றாக இருக்கும், புழு முக்கால்வாசி வளர்ந்த பிறகு மனையே காலி.

பிரான்சில் 1853ல் பட்டுக்கூடு உற்பத்தி 26,000 டன். 1865ல் அது 4,000 டன். பெப்ரின் செய்த வேலை அது. இத்தாலியும் சேர்ந்து அடி வாங்கியது. நோயில்லாத முட்டை தேடி ஐரோப்பிய வியாபாரிகள் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகம் வரை கப்பலேறிப் போனார்கள். அங்கே பல நூறு ஆண்டுகளாக வளர்ந்து வந்த உள்ளூர் இனங்கள் பல அந்தக் காலத்தில் கைவிடப்பட்டன. லூயி பாஸ்டரை 1865ல் அங்கே அனுப்பினார்கள். அதுவரை அவர் பட்டுப்புழுவைத் தொட்டதுகூட இல்லை. ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து அவர் கண்ட வழி மிக எளிமையானது. ஒவ்வொரு தாயையும் தனித்தனியாக முட்டையிட விடு. முட்டையிட்ட பிறகு தாயை அரைத்து நுண்நோக்கியில் பார். நோய் வித்து தெரிந்தால் அந்தத் தாயின் முட்டை முழுவதையும் கொளுத்து. நோயற்ற முட்டைத் தொகுதி என்று நம் அட்டையில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் இதுதான். 150 வருடம் கழித்தும் இதைவிட நல்ல வழி வரவில்லை.

ஆக, வீட்டில் முட்டை எடுப்பவர் நுண்நோக்கியும் பழகிய கண்ணும் இல்லாமல் எடுத்தால், அவர் மனை மட்டுமல்ல, அந்த வட்டாரமே போகும். 2006ல் திருத்தப்பட்ட மத்தியப் பட்டு வாரியச் சட்டப்படி முட்டை உற்பத்திக்குப் பதிவு கட்டாயம். விதைச் சட்டங்கள் என்றாலே நமக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். இந்தச் சட்டத்தின் இந்தப் பகுதியை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உதவாக்கரை இனத்தை ஏன் காக்கணும்?

விளைச்சல் இல்லாத இனத்துக்கு இலை போட்டுக் காப்பாற்றுவது எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் ஒரு வைரசிலிருந்து வருகிறது. புழுவின் குடலைத் தாக்கும் டென்சோ வகை வைரஸ் ஒன்று உண்டு. சில இனங்களில் அந்த வைரசை எவ்வளவு கொடுத்தாலும் தொற்றவே இல்லை. நோய் வந்து தாங்கிக்கொள்கிற ரகம் இல்லை, நோயே பிடிக்கவில்லை. காரணத்தைத் தேடிப் போன ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008ல் சொன்னது வேடிக்கையாக இருந்தது. அந்தப் புழுக்களில் விசேஷமாக ஏதும் இல்லை. மாறாக, மற்ற புழுக்களில் இருக்கும் ஒன்று இவற்றில் இல்லை. குடல் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் பெரிய துண்டு ஒன்று விழுந்துபோயிருக்கிறது. வைரஸ் தொற்ற அந்தப் புரதம் வேண்டும். கதவே இல்லாத வீட்டுக்குள் திருடன் எப்படி நுழைவான்?

ஒரு மரபணு உடைந்துபோன புழு என்றால் கழித்துக் கட்ட வேண்டியது என்றுதானே யாரும் நினைப்போம்? வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இழை நீளம் அளந்து பார்த்தும் தெரியாது. நோய் வந்த பிறகுதான் அதன் அருமை தெரியும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மஞ்சள் நிறத்துக்கு ஒரு பக்கத்துப் பிரதி போதும் என்று பார்த்தோம். இந்த எதிர்ப்புக்கு அது போதாது. தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் கதவில்லாத பிரதியே வரணும். ஒரு பக்கம் நல்ல கதவு வந்துவிட்டால் வைரசுக்கு அது போதும். அதனால் இந்தக் குணத்தைக் கலப்பினத்துக்குள் கொண்டுவர, தாய் இனம் தந்தை இனம் இரண்டிலும் அதை முதலில் ஏற்றியாக வேண்டும். பல தலைமுறை வேலை. கையில் பலவித இனம் இருக்கிறவனால்தான் முடியும்.

நம் நாட்டில் நமக்குப் பெரிய தொல்லை பால் நோய். புழு வீங்கி, தோல் பளபளத்து, தொட்டால் வெள்ளையாக ஒழுகுமே, அது. அதுவும் வைரஸ்தான், வேறு வகை. அசாமின் பழைய சாருபட் இனத்தில் இந்த வைரசைத் தாங்கும் குணம் இருப்பதைப் பார்த்து, அதைச் சிஎஸ்ஆர்2 உடன் கலந்து, மரபணு அடையாளங்களை வைத்துப் பிள்ளைகளில் எது அந்தக் குணத்தை எடுத்து வந்திருக்கிறது என்று தேர்ந்து தேர்ந்து புதிய வழிகளை உருவாக்கியிருக்கிறார்கள். இதே நோய்க்கு இன்னொரு பாதையிலும் போனார்கள். ஐதராபாத் ஆய்வாளர்கள் வைரசின் மரபணுக்களைக் குறிவைக்கும் கட்டமைப்பைப் புழுவுக்குள் செருகி, மரபணு மாற்றுப் புழு செய்து 2013ல் வெளியிட்டார்கள். அதற்கு எடுத்ததும் நம் நிஸ்தாரி இனத்தைத்தான். மரபணு மாற்றத்தில் நம் இயக்கத்தின் நிலை எல்லோருக்கும் தெரியும், நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்ப்பது இது: சாருபட் வழி நமக்குத் திறந்தது, அசாமில் யாரோ அந்த இனத்தை விடாமல் வளர்த்து வந்ததால். இனம் போயிருந்தால் செருகுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று நம்மிடம் சொல்லியிருப்பார்கள், நம்மிடமும் பதில் இருந்திருக்காது.

ஜப்பானில் கோய்ஷிமாரு என்ற பழைய இனத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் கூடு, நடுவில் இடுப்பு போல ஒடுங்கி நிலக்கடலை மாதிரி இருக்கும். மெல்லிய இழை, இன்றைய கலப்பினத்தில் வரும் நீளத்தில் பாதிகூட வராது. அரண்மனையில் பேரரசியே புழு வளர்க்கும் வழக்கம் அங்கே உண்டு. அங்கேயும் இந்த இனத்தை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, முன்னாள் பேரரசி மிச்சிகோ அம்மையார்தான் இருக்கட்டும் என்று தொடர வைத்தார். பிறகு 1990களில், ஷோசோயின் கருவூலத்தில் உள்ள 8ஆம் நூற்றாண்டுத் துணிகளை மறுபடி நெய்து எடுக்க நினைத்தபோது, அந்தக் கால இழையின் மென்மைக்குப் பொருந்தி வந்தது இந்தப் பட்டுத்தான்.

எப்படிக் காக்கிறார்கள்

நெல்லைக் காய வைத்துக் குதிரில் போடலாம். குளிர் அறையில் வைத்தால் பல வருடம் இருக்கும். பட்டுப்புழு முட்டையில் அது நடக்காது. பைவோல்டின் முட்டைக்கு உறக்கம் உண்டு. குளிரில் முறைப்படி வைத்தால் சில மாதம், அதிகம் போனால் பத்து மாதம் தாங்கும். தூய மைசூர், நிஸ்தாரி மாதிரி மல்டிவோல்டின் இனங்களுக்கு அந்த உறக்கமே கிடையாது. இட்ட பத்தாம் நாள் வாக்கில் பொரிந்துவிடும். பொரிந்தால் இலை போட்டே ஆகணும். வருடத்துக்கு ஐந்து, ஆறு முறை, விடுமுறை இல்லாமல், ஒவ்வொரு இனத்தையும் தனித்தனித் தட்டில் வளர்த்து, கூடு கட்ட வைத்து, அந்து எடுத்து, தாயை அரைத்துப் பார்த்து, மறுபடி முட்டை. ஓர் அந்து தட்டு மாறி உட்கார்ந்தால் அந்த இனம் கலந்துபோச்சு. ஜப்பானில் சினைப்பையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து வேறு புழுவுக்குள் பொருத்தி மீட்கும் முறை இருக்கிறது. செலவும் கைநுட்பமும் கேட்கும் வேலை. எல்லா இனத்துக்கும் அதையே நம்பி இருக்க முடியாது.

இந்த வேலை நம் ஊரிலேயே நடக்கிறது என்பது ஓசூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் ஓசூரில்தான் இருக்கிறது. 400க்கும் மேற்பட்ட பட்டுப்புழு இனங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகளும் அங்கே பராமரிப்பில் உள்ளன. ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகம் இதுபோல நூற்றுக்கணக்கான வழிகளைக் காத்து வருகிறது. தோல் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் புழு, எலுமிச்சை மஞ்சள் புழு எல்லாம் அதில் உண்டு. சீனாவில் சோங்சிங் நகர ஆய்வாளர்கள் 545 வழிகளின் மரபுத் தொகுதியை முழுதாகப் படித்து 2022ல் வெளியிட்டார்கள். படித்து எழுதி வைத்தது குறிப்பேடு மாதிரி. புழு போய்விட்டால் குறிப்பேட்டிலிருந்து புழுவை எடுக்க முடியாது.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: ஒரே கிடாவை வருடக்கணக்கில் விட்டால் குட்டி சவலையாகும், அதனால் கிடா மாற்றுவோம். ஓர் இனத்தை இருபது முப்பது தாயோடு மட்டும் வருடக்கணக்கில் வளர்த்தால் அதே சிக்கல்தான். இனத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பொரிப்பு குறையும், முட்டை குறையும். வெளியிலிருந்து கிடா கொண்டுவரவும் முடியாது, கொண்டுவந்தால் அது அந்த இனமாக இருக்காது. ஒரே வழி, ஒவ்வொரு தலைமுறையிலும் நிறையத் தாய்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சம் முட்டை எடுத்துக் கலந்து வளர்ப்பது. அதற்கு ஆள் வேண்டும், இலை வேண்டும், இடம் வேண்டும். ஒரே ஊரில் மட்டும் வைத்திருப்பதும் சரியில்லை என்பது என் கருத்து. ஒரு பெப்ரின், ஒரு பால் நோய் போதும். ஒரே இனம் இரண்டு மூன்று இடத்தில் இருக்கணும்.

தூய மைசூரைப் பொறுத்தவரை அது மையத்தில் மட்டும் இல்லை. குனிகல், மாகடி பக்கத்து விதைக்கூடு உழவர்கள் இன்றும் வளர்க்கிறார்கள். மஞ்சக்கூட்டுக்குத் தாய் வேண்டும் என்பதால் அந்தக் கூட்டுக்கு விதைக்கூடு விலை கிடைக்கிறது. அந்தக் கலப்பை வாங்க ஆள் இருக்கும் வரை அந்த இனத்துக்கு உழவர் மனையில் இடம் இருக்கும். கோடையில் பைவோல்டின் வைத்து வெயிலோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அந்த ஒன்றிரண்டு பட்டத்துக்காவது மஞ்சக்கூடு பார்க்கலாம் என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான். விலை வெண்கூட்டைவிடக் குறையும், மறைக்கவில்லை. உங்கள் பக்கத்து அங்காடியில் மஞ்சக்கூட்டுக்கு நூற்பவர்கள் வருகிறார்களா என்று விசாரித்துவிட்டு வையுங்கள்.

மல்பெரியில் நிலைமை வேறு. அங்கே நம் நாட்டு விதைப் பழக்கம் அப்படியே செல்லும், ஏனென்றால் குச்சி வெட்டி நட்டால் போதும். 1997ல் வெளிவந்த வி1 இரகம் இப்போது எங்கே பார்த்தாலும். நல்ல இரகம், நான் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் வரப்பில் பழைய எம்ஆர்2 செடியோ, தாத்தா காலத்து முசுக்கொட்டை மரமோ இருந்தால் வெட்டாதீர்கள். வறட்சியில் எது இலை தாங்குகிறது, எதில் சாம்பல் நோய் வரவில்லை என்று பார்த்து வைத்து, அதிலிருந்து பத்துக் குச்சி அக்கம்பக்கத்தில் கொடுங்கள். வித்தியாசமான மரம் ஏதாவது கண்ணில் பட்டால் ஓசூர் மையத்துக்குத் தகவல் சொல்லலாம்.

விதை நம் கையில் இருந்தே ஆகணும் என்று நினைப்பவர்களுக்கு ஏரிப் பட்டு இருக்கிறது. ஆமணக்கு இலையும் மரவள்ளி இலையும் தின்னும் புழு. அசாமில் வீட்டுப் பெண்கள் தலைமுறையாகத் தாங்களே முட்டை எடுத்து வளர்த்து வருவது. சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி உள்ளவர்கள் யோசிக்கலாம். அதற்கும் பெப்ரின் வரும் என்பதால் தாய் அந்தைப் பரிசோதிக்க யாரிடம் கொண்டுபோவது என்பதை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு முட்டை வாங்குங்கள்.

அடுத்த பட்டத்துக்குச் சாக்கி புழு எடுக்கப் போகும்போது எந்தக் கலப்பு, எந்த முட்டைப் பண்ணை, எந்தத் தேதியில் பரிசோதித்தது என்று மூன்றையும் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று நாலு வருட நோட்டு சேர்ந்தால், உங்கள் மனையில் எந்த மாதம் எந்தக் கலப்பு தாங்கியது என்று நீங்களே சொல்வீர்கள். அந்த நோட்டோடு பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் போய்ப் பேசிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்.